சுவருக்கும் காதுண்டு

இரவு ஒன்று நாற்பது.
நார்த்டேலில் எங்கள் தெரு இருண்டிருக்கும்.
இங்கே ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்து
இன்குபேட்டருக்கு முப்பத்தேழு டிகிரி ஊட்டுகிறது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் முழுக்க ஃப்ரிட்ஜுகள் வியர்க்கும் நேரம்
கிருமிக்குக் குளிரக் கூடாதென்று
நான் காவல் இருக்கிறேன்.

தொண்ணூற்றாறு குழித் தட்டு.
இடமிருந்து வலமாக மருந்தை
இரட்டித்துக்கொண்டே போனேன் நேற்று.
கண்ணாடிபோல் இருக்க வேண்டிய கடைசிக் குழியில்
அரிசி களைந்த நீர்.

லேபிளில் பெயர் சிலிந்திலே. வயது ஆறு.
இம்பாலி. பாரஃபின் அடுப்பு.
'காத்திருந்தோம்' என்று பொருளாம் ஸூலுவில்,
ரத்தப் பிரிவு டொரோத்தி சொன்னாள்,
நான் கேட்காமலே.

தோல் வெறும் போர்வை அல்ல.
வியர்வையில், கண்ணீரில், நகக்கண் ஓரத்தில்
குட்டிக் குட்டிப் புரதத் துணுக்குகள்,
நேர்மின் சுமந்தவை,
கிருமியைக் கண்டால் ஒட்டித் துளைபோடும்.
ம்சுந்துஸி ஆற்றுச் சேற்றில் நகக்கால் தவளை
கிழிந்த வயிற்றோடு நீந்தியும்
சீழ்பிடிக்காமல் கிடப்பது இந்த வித்தையால்.
சிலிந்திலேக்கு அந்தத் தோலில் பாதி இல்லை.
அதனால் குப்பியிலிருந்து கொடுத்தார்கள் கோலிஸ்டின்,
அதே வித்தை தெரிந்த பழைய முரடன்,
சிறுநீரகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

இனி நடந்ததைப் பார்த்தவள்போலச் சொல்கிறேன்.
பார்க்கவில்லை.

கிருமியின் வெளிச்சுவர் எதிர்மின் கொண்டது;
கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மக்னீசியக் காரை.
முதல் துணுக்கு வந்து காரையைச் சுரண்டியது.
சுவர் சற்றே தளர்ந்தது, அவ்வளவுதான்.
உள்சவ்வில் குந்தியிருந்த ஒரு புரதம்,
காதுபோல வெளியே ஒரு மடிப்பை நீட்டியிருந்தது,
மக்னீசியம் உட்காரும் இடத்தில்
வேற்றாள் உட்காருவதை உணர்ந்தது.
கத்தவில்லை.
பக்கத்துப் புரதத்தின் தோளில் ஒரு பாஸ்பேட்டை வைத்தது.
அது போய் மரபணுவின் தாழ்ப்பாளைத் தடவியது.

பிறகு அவசரம்.
கொழுப்புக்கு ஒன்றாய் நேர்மின் சர்க்கரை ஏற்றினார்கள்.
சுவரின் கழித்தல் குறி மெல்லக் கூட்டலுக்கு நகர்ந்தது.
அடுத்து வந்த மருந்து, தானும் கூட்டல்,
காந்தத்தின் ஒரே முனையைச் சந்தித்ததுபோல்
வாசலில் தயங்கித் திரும்பியது.

எங்கள் தெருவில் மதிலுக்கு மதில்
'ஆயுதக் காவல் உடனே வரும்' பலகை.
மேலே மின்வேலி. மின்சாரம் போனால்
அது வெறும் கம்பி.
இந்தச் சுவரிலோ தொட்ட கையே மணியை அடிக்கிறது.

உறுத்துவது இதுதான்:
முதல் இரண்டு நாள் மருந்து குறைவாக ஓடியது.
யார் தவறும் இல்லை. பதினாறு கிலோ உடம்பு,
அந்தச் சிறுநீரகம்.
அடியாத மாடு படியாது என்பார்கள்.
இது அடிபட்டுப் படித்த மாடு, படியாத மாடு.

ஆபத்து நீங்கினால் மணியை அமர்த்த
சின்னஞ்சிறு புரதம் ஒன்று உண்டு.
இந்தக் குடும்பத்தில் அது ஒடிந்திருக்க வேண்டும்.
மருந்தே இல்லாத குழம்பில் வளரும்போதும்
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது,
சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கிறது.
எனக்கு இது புதிதல்ல.
கடைகள் எரிந்த அந்த ஜூலைக்குப் பிறகு தேவந்திரன்
கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படுப்பதில்லை.
கிருமியின் மேல் கோபப்பட முயன்றேன்.
வரவில்லை.

டாக்டர் ஸோண்டி போனில்: "வேறென்ன மிச்சம்?"

இன்னொரு தட்டு. வேறொரு மருந்தின் வட்டு.
அதைச் சுற்றி மெல்லிய தெளிவு,
மழை நாளில் நிலாவைச் சுற்றி இருப்பதுபோல்.
பதினேழு மில்லிமீட்டர் இருந்தால்
'கேட்கும்' என்று எழுதலாம்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அளவுகோலை வைக்கிறேன்.
பதினாறு.
கொஞ்சம் சாய்த்தால் பதினேழு.

சாய்க்கவில்லை.
"பதினாறு, டாக்டர்" என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ வண்டி தள்ளும் சத்தம்.
"சரி, கூட்டிக் கொடுத்துப் பார்ப்போம்" என்றார்,
"விடியட்டும், மறுபடி அளந்து சொல்லுங்கள்."